எழுதாத இடத்தில் பூஜ்யம்

திங்கட்கிழமை

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

உன் மெயில் கிடைத்தது. இரட்டைப் பிள்ளைகள் ஏழாம் மாதத்திலேயே வெளியே எட்டிப் பார்க்கத் துடிக்கிறார்கள் என்றால், அது அவர்கள் அப்பா வீட்டு அவசரம். நம் பக்கத்தில் யாரும் சொன்ன நேரத்துக்குக்கூட வந்து சேர்ந்ததில்லை.

வலியை நிறுத்த மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், போட்டால் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, தொடரலாமா என்று கேட்டிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். எங்கெங்கோ நடந்த மருத்துவ ஆய்வுகளைப் படித்து, ஒரு மருந்து எத்தனை பேருக்குப் பலித்தது, எத்தனை பேருக்குக் கெடுதல் செய்தது என்று படிவத்தில் ஏற்றுவதுதானே ஆறு வருடமாக என் பிழைப்பு. இந்த மாத்திரையின் பதினோரு ஆய்வுகளையும் ஏற்றியவள் நான். நடுக்கமும் படபடப்பும் நிறையப் பேருக்கு உண்டு. மூச்சுத் திணறல் என்ற கட்டத்தில் பதினொன்றிலும் பூஜ்யம். தைரியமாகப் போடு, டாக்டரை நச்சரிக்காதே. பாத்திரம் கழுவினால் கை தேய்ந்துவிடாது என்று மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா

சனிக்கிழமை

தங்கச்சி,

காலையிலிருந்து நான்கு முறை கூப்பிட்டுவிட்டேன். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. மாப்பிள்ளையும் எடுக்கவில்லை. தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நேற்று எங்கள் மேற்பார்வையாளர் அம்மா என் படிவங்களைச் சரிபார்த்தார். ஓர் ஆய்வை என் முன்னால் விரித்து, “இதுல மூச்சுத் திணறலப் பத்தி ஒரு வரிகூட இல்லையே, பூஜ்யம் எப்படிப் போட்டீங்க?” என்று கேட்டார். எதுவும் எழுதவில்லை என்றால் எதுவும் நடக்கவில்லை என்றுதானே அர்த்தம் என்றேன். அவர் கோபப்படக்கூட இல்லை. “யாரும் கேட்டிருக்க மாட்டாங்கம்மா. கேக்கலேன்னா எங்கேர்ந்து எழுதுவாங்க? ‘தகவல் இல்லை’ன்னுதான் போடணும்” என்றார். காலிக் கட்டத்தைப் பார்த்தால் பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போவது என் பழக்கம். வேகமாக முடிப்பவள் என்று பெயர்கூட வாங்கியிருக்கிறேன்.

பதினொன்றையும் மறுபடி படித்தேன். பத்தில் அந்தப் பேச்சே இல்லை. மீதி ஒன்றில், கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. இரண்டு பெண்களுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதால் ஆய்விலிருந்து விலக்கிவிட்டார்களாம். ஒருத்தி வயிற்றில் இரட்டை. விலக்கப்பட்டவர்கள் கணக்கில் வரமாட்டார்கள் என்று நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. அவளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று தேடித் தேடிப் பார்த்தேன், எழுதவில்லை.

இன்னொன்றையும் கேள். இந்த மருந்தால் வலியை இரண்டு நாள் தள்ளிப்போட முடியலாம். பிள்ளைகளின் நுரையீரல் முதிரத் தாய்க்குப் போடும் ஊசி வேலை செய்யவும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவும்தான் அந்த இரண்டு நாள். அதற்கு மேல் மாத்திரையாக விழுங்கிக்கொண்டே இருந்தால் பிள்ளை வயிற்றில் தங்கும் என்பதற்கு இந்தப் பதினொன்றிலும் ஆதாரம் இல்லை. நீ பன்னிரண்டு நாளாக விழுங்குகிறாய்.

வியாழக்கிழமை நீ அனுப்பியதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். “படுத்தா மூச்சு முட்டுதுக்கா, மூணு தலகாணி வச்சு சாஞ்சுக்கிறேன். இருமலும் விடல. நீ சொன்னியேன்னு மாத்திரைய நிறுத்தல.” இரட்டைப் பிள்ளை சுமப்பவளுக்கு மூச்சு முட்டாமல் பாட்டா வரும் என்று கேலியாகப் பதில் போட்டேனே, பாவி.

இதைப் பார்த்த உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு. படி இறங்கி நடக்காதே. மாப்பிள்ளை வரட்டும் என்று காத்திருக்காதே. அடுத்த மாத்திரை நேரம் வரும்போது நீ டாக்டர் முன்னால் இருக்க வேண்டும். மூச்சு, இருமல், இரட்டை, பன்னிரண்டு நாள் மாத்திரை, எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல். பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால், என் அக்காவும் அப்படித்தான் சொன்னாள், அவள் சொன்னது தப்பு என்று சொல்.

நீங்கள் மூன்று பேரும் நல்லபடியாக இருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து நான் சொல்லி நீ எதையும் தட்டியதில்லை. இதையும் தட்டாதே, கண்ணு.

அக்கா