பஸ்ஸில் யார் பக்கத்தில் தூங்குவீங்க?

இன்று காலை அரிமளம் பஸ்ஸில் ஒரு பெண் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். முன்பின் தெரியாதவள். மடியில் கட்டைப்பை, அதற்குள் ஒரு பூசணிக்காய், தலையில் தேங்காயெண்ணெய் வாசனை. டிக்கெட் வாங்கியதும் கண்ணை மூடினாள், வாயைத் திறந்தாள், என் ஜாக்கெட் கையை நனைத்தாள். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருக்கிற நான் ஈரத்தோளோடு ஹெட்மாஸ்டர் முன்னால் போய் நின்றால் என்ன நினைப்பார்? ஆனாலும் எழுப்பவில்லை. சாமி சிலையை மடியில் வைத்திருப்பவள் மாதிரி ஆடாமல் உட்கார்ந்திருந்தேன். அரிமளம் வந்ததும் அவளே விழித்து, "எழுப்பி விட்ருக்கலாம்லக்கா" என்று பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

எனக்கு உன் ஞாபகம் வந்தது. ஞாபகம் என்று எழுதுவது ஒரு மரியாதைக்காக. வந்தது கோபம். போய்ச் சேர்ந்தவர்கள் மேல் கோபப்படக் கூடாதாம். உன் பதினாறாம் நாள் சாப்பாட்டில் வடை நன்றாக இருந்ததால் அன்றைக்கு ஒருநாள் மட்டும் அந்த விதியைக் கடைப்பிடித்தேன்.

நீ கல்லூரியில் மனோதத்துவம் நடத்திக்கொண்டிருந்தவள். ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, "ஒருத்தர்கிட்ட நமக்குப் பயமில்லைங்குறதை மனசுக்கு முந்தி ஒடம்புதாண்டி கண்டுபிடிக்குது. அதை அளக்கப் போறேன்" என்றாய்.

"இஞ்சு டேப்பு எடுத்துட்டு வரட்டுமா?" என்றேன்.

சிரித்துவிட்டு என்னைத் துணைக்குக் கூப்பிட்டாய். காரணம் எனக்குத் தெரியும். சுற்றுப்பட்டில் யார் வீட்டில் யாரோடு யார் பேசுவதில்லை என்ற விவரம் என்னிடம் எப்போதும் அன்றன்று பறித்த கீரை மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பினோம். முதலில் குடுமியான்மலை. "இன்னார் பக்கத்தில் இருக்கும்போது எவ்வளவு பயமில்லாமல் இருக்கிறீர்கள், ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்" என்று அழகாகக் கேட்டாய். ஊரே பத்து என்றது. புருஷனுக்குப் பத்து. மாமியாருக்குப் பத்து. வரப்புத் தகராறில் கோர்ட்டுக்கு இழுத்த அண்ணனுக்கும் பத்து.

"ஐயா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றாய் ஒரு பெரியவரிடம்.

"இதுல யோசிக்க என்ன தாயி இருக்கு? சொந்தக்காரனுக்கு மார்க்கக் கொறைச்சுப் போட்டா நல்லாவா இருக்கும்? ஒனக்கு எம்புட்டு வேணுமோ எழுதிக்க."

இலையில் சோற்றைக் குறைத்து வைப்பதும் உறவுக்கு மார்க்கைக் குறைத்துப் போடுவதும் அவர்களுக்கு ஒரே பாவம். நீ முகம் வாடித் திரும்பினாய். நான் வழக்கம்போலப் பஸ் ஏறியதுமே உன் தோளில் விழுந்து எச்சில் வழியத் தூங்கிவிட்டேன். புதுக்கோட்டை வந்ததும் எழுப்பினாய். உன் கண்ணில் ஒரு வெளிச்சம்.

"நீ ஏண்டி பஸ்ஸுன்னா ஒடனே தூங்கிடுற?"

"நீ இருக்கேல்ல? எழுப்பி விட்ருவ."

"ஒன் வீட்டுக்காரரோட போனா?"

"அவரோட போனா நாந்தான் முழிச்சிருக்கணும். எறங்குற எடத்தை விட்டுட்டு அங்கிட்டும் இங்கிட்டும் முழிப்பாரு."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாய். உன் ஆராய்ச்சிக்கு மூலதனம் என் எச்சில்தான் என்பதை நீ எந்த மேடையிலும் சொன்னதில்லை. சரி, போகட்டும்.

அடுத்த ஞாயிறு அதே தெருவில், புருஷனுக்குப் பத்து கொடுத்த ஒரு அம்மாவிடம் உன் புதுக் கேள்வியைக் கேட்டாய்: "பஸ்ஸில யாரு பக்கத்துல ஒக்காந்தா தூங்குவீங்க?" புருஷனும் பக்கத்திலேயே நின்றார், மீசையை நீவிக்கொண்டு.

"இவுக பக்கத்துலயா? பைய எங்க வச்ச, சில்லறைய எங்க வச்சன்னு நச்சரிச்சுக்கிட்டே வருவாக. கண்ண மூட விடுவாகளா?"

"அப்ப யாரு பக்கத்துல?"

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். குரல் இறங்கியது. "எங்க ஓரகத்தி பக்கத்துல. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே கெடையாது. ஆனா அவ இருந்தா கழுத்துல கெடக்குற சங்கிலி நெனப்பே வராது."

மீசைக்காரர் தோளில் கிடந்த துண்டைத் தோளிலேயே தேடினார். நீ தெருமுனை தாண்டும்வரை பொறுத்திருந்து என் கையைக் கிள்ளினாய். "பாத்தியா? ஒடம்புக்கு மரியாதை தெரியாதுடி. அதான் உண்மையச் சொல்லுது."

அன்று சாயங்காலம் கோயில் எதிரே பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான் உன் வீட்டுக்காரரைப் பற்றி அந்த ஒன்றைச் சொன்னாய். அழுது, மூக்கைச் சிந்திவிட்டு, "வெளிய விட்றாதடி" என்றாய். என்னிடம் போய் இப்படிச் சொல்கிறாளே என்று எனக்கே பரிதாபமாக இருந்தது. ஆனால் வெளியே விடவில்லை. ஊர்க்கதை அத்தனையும் என் வாயில் புரண்டது. உன் கதை மட்டும் வயிற்றிலேயே கிடந்தது. அது என்னவென்று இந்த மடலிலும் எழுத மாட்டேன்.

அப்புறம் அந்த நாள் வந்தது. திருக்கோகர்ணத்தில் பூ வாங்கப் போனேன். என்னைக் கண்டதும் கடைக்காரர் கேட்டார், "ஒங்களுக்கு ரோசா மாலையா, சம்பங்கி மாலையாங்க?"

"மாலை எதுக்குங்க?"

"அந்தக் காலேஜ் மேடத்துக்குத்தான். கூடவே திரிவீங்களே. பாவம், ஒரு வருசமா அந்த நோவோட கெடந்தாங்க. இன்னைக்குக் காலையில போயிட்டாங்க."

ஒரு வருஷம்! அந்த ஒரு வருஷத்தில் நீ இளைத்தபோது "வாக்கிங் போறேன்டி" என்றாய். தலையில் துணி கட்டியிருந்தபோது "மருதாணி வச்சிருக்கேன்" என்றாய். திருச்சிக்கு ஏதோ கருத்தரங்கு, கருத்தரங்கு என்று ஓடினாய். நானும் நம்பி, "இந்த வயசுல யாரை மயக்கடி இம்புட்டு மினுக்கு?" என்று கேலி செய்துகொண்டிருந்தேன். ஊருக்கே ரேடியோ நான். எனக்குச் செய்தி பூக்கடையிலிருந்து வந்தது.

உன் வீட்டில் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது யார்? உன்னோடு வேலை பார்த்த இஸ்திரி மேடம். கசங்காத சேலையும் பின் குத்திய மடிப்புமாக வருகிறாள் என்று நீயும் நானும் சேர்ந்து பெயர் வைத்துச் சிரித்தோமே, அவளேதான். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கவலப்படாதீங்க அக்கா. ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு தடவையும் நாந்தான் கூடப் போனேன். பஸ் ஏறுனதுமே என் தோள்ல சாஞ்சு தூங்கிருவாங்க. திருச்சி வர்ற வரைக்கும் முழிக்கவே மாட்டாங்க."

அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. எல்லாரும் உனக்காக அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

எத்தனை ஞாயிற்றுக்கிழமை! ஒருதடவையாவது நீ என் பக்கத்தில் கண்ணயர்ந்தாயா? பையை இறுகப் பிடித்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, நிமிர்ந்தே வருவாய். எனக்குக் காவல் இருக்கிறாய் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். நீ விழித்திருந்தாய், அவ்வளவுதான். மருந்து மயக்கமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பின் குத்திய தோளும் நோயாளிக்குப் பஞ்சு மெத்தைதான் என்றும் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. ஒடம்பு உண்மையைத்தான் சொல்லும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனவள் நீ. என் வாய்க்குப் பயந்தாயா? அந்த வாய் உனக்காக எத்தனை வருஷம் பூட்டிக் கிடந்தது என்பது உனக்கு மட்டும்தானே தெரியும்? வாய்விட்டு எனக்கு ஒரு பத்து போட்டிருப்பாய், சந்தேகமில்லை. அந்தப் பத்தின் லட்சணத்தைத்தான் குடுமியான்மலையில் பார்த்தோமே.

போன வாரம் பஸ்ஸில் இஸ்திரி மேடம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடிப்பு கலையாமல்தான் இருந்தாள். முகம் மட்டும் கசங்கியிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அக்கா, கேக்கக் கூடாதுதான். கடைசி வரைக்கும் வீட்டுக்காரரப் பத்திப் பேச்செடுத்தாலே அவங்க முகத்தத் திருப்பிக்குவாங்க. எனக்கு அது உறுத்திக்கிட்டே இருக்கு. ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

அப்படியானால் இவளிடம் அதைச் சொல்லவில்லை நீ! எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? உன் கதை வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம் போதும். நீ இவளிடம் கேட்டது தோளை மட்டும்தான் என்று இவளுக்குத் தெரிந்துபோகும். உன்னையும் பழி வாங்கிய மாதிரி ஆகும்.

எச்சிலைக் கூட்டி விழுங்கினேன். அது மறுபடி இறங்கி, விலாவுக்குக் கீழே, தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"எனக்கு எப்படிங்க தெரியும்? எங்கிட்டதான் அவ எதையுமே சொன்னதில்லையே" என்றேன்.