வயிற்றுக்குத் தெரிந்த வானம்

என்னங்க,

காலையில் உங்கள் விமான அறையைக் கூட்டித் துடைத்துவிட்டுக் கணினியைப் போட்டேன். சூடேறிய பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த அந்த வாசனை வந்ததும் நீங்கள் உள்ளே இருப்பது போலவே இருந்தது. மூன்று திரைகள், பழைய காரிலிருந்து கழற்றி வந்த இருக்கை, காலடியில் பெடல்கள், எல்லாம் கணினியிலேயே விமானம் ஓட்ட நீங்கள் அமைத்தவை. ஊரில் எல்லாருக்கும் புருஷன் வீட்டுக்கு வருவான், எனக்கு மட்டும் வந்ததும் பறந்துவிடுகிறான் என்று எத்தனை முறை அலுத்துக்கொண்டிருப்பேன்!

செங் பகுதித் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்தால் சட்டையைக்கூட மாற்ற மாட்டீர்கள். திரையில் நம் ஊர் விமான நிலையமான பத்து பெரண்டாமின் ஓடுபாதையிலிருந்து கிளம்பிவிடுவீர்கள். சாப்பிடக் கூப்பிட்டால், "இரும்மா, இப்பதான் கிளேபாங் கடற்கரை மேல வளைக்கிறேன்" என்பீர்கள்.

"வளைங்க. அப்படியே கீழ இறங்கி ஒரு தேங்காய் ஷேக் வாங்கிட்டு வாங்க லா" என்பேன்.

நீங்கள் ஓய்வு பெற்றபோது, பத்து பெரண்டாமில் உள்ள விமானப் பயிற்சிப் பள்ளியில் நம் மகள் நிஜப் பயணத்துக்கே ஏற்பாடு செய்துவிட்டாள். கேப்டன் பக்கத்தில் இருக்க நீங்கள் கொஞ்ச நேரம் ஓட்டலாம், நான் பின்னால் உட்காரலாம். குதிப்பீர்கள் என்று பார்த்தால், நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தீர்கள். பயமா என்று கேட்டேன்.

"விழுறதுக்குப் பயமில்ல. இத்தன வருஷம் செஞ்சது வெறும் விளையாட்டுன்னு தெரிஞ்சிட்டா? அப்புறம் எந்த மூஞ்சியோட அந்த ரூமுக்குள்ள போவேன்?"

உங்களைக் கிண்டல் செய்யாமல் நானே நாள் குறித்தேன்.

பறக்கும் நாளன்று, புது வண்டிக்கு வைப்பது போல விமானச் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தேன். மலாய்க்காரக் கேப்டன் ஓடி வந்து எடுத்து, பணிவாக என் கையிலேயே கொடுத்தார். அங்கே ஒரு சின்னக் கல்கூடக் கிடக்கக் கூடாதாம்.

"இத உங்க கம்ப்யூட்டர் சொல்லித் தரலயா?" என்றேன்.

"அதுல எலுமிச்சம்பழம் கிடையாதும்மா."

இயந்திரம் உறுமியது. கதவு கடகடவென்று ஆடியது. பெட்ரோல் வாடையும் வெக்கையும் மூச்சை முட்டின. சக்கரம் தரையை விட்டதும் என் வயிறு கீழேயே தங்கிவிட்டது. முன்னாலிருந்த மீட்டர்களில் ஒவ்வொரு முள்ளும் எதைக் காட்டுகிறது என்று கேட்பதற்கு முன்பே நீங்கள் சொன்னதில் கேப்டனுக்கே ஆச்சரியம். ஆனால் ஓட்டக் கொடுத்தபோது உங்கள் கண் அந்த முட்களை விட்டு நகரவே இல்லை. காற்று ஒரு தூக்குத் தூக்கியது. உங்கள் தோள் விறைத்துப்போனது.

"அபாங், தெங்கோக் லுவார் லா" என்றார் கேப்டன். அண்ணே, வெளியே பாருங்கள் என்று.

நிமிர்ந்தீர்கள். கடல். அதில் அசையாமல் நிற்கிற கப்பல்கள். சிவப்புக் கூரைகள், கொல்லைகளில் காய்கிற துணிகள். கிளேபாங் மேல் விமானம் இடப்பக்கம் சாய, நாம் ஒன்றுமில்லாத வெளியில் தொங்கினோம். முருகா என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறந்ததிலிருந்து இருக்கிற ஊர், இவ்வளவு அழகு என்று யார் சொன்னார்கள் எனக்கு! நீங்கள் பிடியை விடாமல் அழுதுகொண்டிருந்தீர்கள்.

வீடு வந்ததும் நேராக அறைக்குப் போனீர்கள். எல்லாவற்றையும் கழற்றப் போகிறீர்கள் என்று பயந்து வாசலில் நின்றேன். திரையில் அதே வழியில் பறந்து, அதே இடத்தில் வளைத்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"பொய்யில்லம்மா. கை செய்யிறதெல்லாம் அதேதான். ஆனா இது பாதி. வயித்துக்குள்ள ஒண்ணு புரண்டுச்சு பாரு, அது இதுல வராது." பிறகு சொன்னீர்கள்: "நீ பின்னால உக்காரு."

அன்றிலிருந்து உங்களுக்குப் பின்னால் எனக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சோறு ஆறினால் ஆறட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் போன பிறகு, இன்று முதல்முறையாக உங்கள் இருக்கையில் உட்கார்ந்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது. நீங்கள் பதிந்து வைத்திருந்த பயணம் ஒன்றை ஓடவிட்டேன். யாரும் தொடாமலே விமானம் மேலே ஏறியது. கிளேபாங் வந்தது, திரையில் கடல் சாய்ந்தது. இருக்கை அசையவில்லை, அறையில் எதுவுமே அசையவில்லை. என் வயிறு மட்டும் புரண்டது. இதில் வராது என்றீர்களே, அந்தப் பாதியை நான் வைத்திருக்கிறேன், என்னங்க.