நூற்றுப் பதினேழாவது ஜோடி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்காரருக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். மூன்று நாளாக அவரால் பேச முடியவில்லை, வீடு நிம்மதியாக இருக்கிறது. அத்தானுக்கு முட்டிவலி குறைந்ததா? மாடிப்படி ஏறி இறங்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

போனை விட்டுவிட்டு இவள் ஏன் காகிதத்தை எடுத்தாள் என்று யோசிப்பாய். போனில் பேசினால் பாதியில் நான் அழுதுவிடுவேன், இல்லையென்றால் நீ ‘அடுப்புல பால் இருக்கு’ என்று வைத்துவிடுவாய். நம் இருவருக்கும் முக்கியமான பேச்சு வரும்போதெல்லாம் உன் வீட்டில் பால் பொங்குகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரை படி.

நீ அனுப்பிய பார்சல் திங்கட்கிழமை வந்தது. நாற்பது ஜோடி குட்டி சாக்ஸ். மஞ்சள் விளிம்பு வைத்தவை ரொம்ப அழகு. ஆனால் இனிமேல் பின்னாதே, அக்கா. கோபத்தில் சொல்லவில்லை. கோபம் என்றால் நல்லது, ஆறிவிடும். இது அருவருப்பு.

எங்கள் சங்கம் என்ன செய்கிறது என்பது உனக்குத் தெரிந்ததுதான். வயிற்றில் பிள்ளையோடு, கலைத்துவிடலாமா வேண்டாமா என்று தவிக்கிற பெண்கள் போன் செய்வார்கள். எதிர்முனையில் நான் இருப்பேன். ஒருத்தி ‘சரி, பெத்துக்கறேன்’ என்று சொன்னால் போதும், அன்றைக்கே உன் பார்சலிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து, எண் எழுதிய சீட்டை ஊசியால் குத்தி, முன்கூடத்துக் கம்பியில் மாட்டிவிடுவோம். ஆறு வருடத்தில் முந்நூற்று நாற்பத்திரண்டு ஜோடி ஆகிவிட்டது, பாதிக்கு மேல் கடைசி இரண்டு வருடத்தில் மாட்டியவை. பார்க்க வருகிறவர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நானும் எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேனே, பச்சைப் புடவையில்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கருவில் இருப்பது பிள்ளைதான் என்று நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தேன். இன்றைக்கும் அதில் நூல் அளவு மாற்றம் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் நீயும் வீட்டுக்காரரைப் போல ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று ஆரம்பிப்பாய்.

இஸ்திரிக் கடைப் பெண்ணைப் பற்றிச் சொல்லியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? சலவைக் கடையின் பின்கட்டில் துணி மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டு போன் செய்தவள். கட்டிக்கொள்கிறேன் என்றவன் நம்பரை மாற்றிவிட்டுப் போய்விட்டான். வேலை போய்விடும், இருக்கிற ஒற்றை அறையும் போய்விடும், அதற்கப்புறம் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். ‘நாங்க இருக்கோம்’ என்று சொன்னேன். அது நானாகச் சொன்னதுகூட இல்லை. போனுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் அதுதான் முதல் வரி. அவள் அழுது முடித்துச் சரி என்றாள். அவளுடைய எண் நூற்றுப் பதினேழு.

போன செவ்வாய்க்கிழமை, ஆண்டு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, கொட்டுகிற மழையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஒன்றரை வயதுப் பையன், கன்னம் இரண்டும் பந்து. கூடத்தில் செயலாளரம்மா நாற்காலிகளை வரிசை பார்த்துக்கொண்டிருந்தார். பையனின் மணிக்கட்டில் சுட்ட புண்ணுக்குக் கட்டு. வைத்துவிட்டு வர இடமில்லாமல் கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள், இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுவிட்டான். இனிமேல் பிள்ளையோடு வரக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டாராம். அறையை வாடகைக்கு விட்டிருப்பவளும் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டாள், அப்பன் யாரென்று தெரியாத பிள்ளை அழுதால் அவளுக்குத் தலைவலி வருகிறதாம்.

பகலில் மட்டும் பிள்ளையை விட ஓர் இடம் வேண்டும் என்றுதான் கேட்டாள். செயலாளரம்மா ரொம்ப அன்பாகத்தான் பதில் சொன்னார். ‘நாங்க பிரசவம் வரைக்கும்தாம்மா பாக்கறோம், அதுக்கு மேல எங்க சக்திக்கு மீறினது’ என்றார். பிறகு என்னைப் பார்த்து, விழாவுக்கு இவளை மேடையில் ஏற்றலாமா, பிள்ளை பார்க்க லட்சணமாக இருக்கிறானே, கட்டு மட்டும் தெரியாமல் முழுக்கைச் சட்டை போட்டால் சரியாகிவிடும் என்றார்.

அந்தப் பெண் கம்பியை அண்ணாந்து பார்த்துவிட்டு, இதில் இவனுடையது எது என்று கேட்டாள். பிள்ளையின் கால் மழையில் நனைந்து விறைத்திருந்தது. நான் முக்காலியில் ஏறி நூற்றுப் பதினேழைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். நீலம், நீ பின்னியதுதான். அவள் உட்கார்ந்து மாட்டப் பார்த்தாள். கட்டைவிரலைத் தாண்டவில்லை. பிறந்த பிள்ளையின் அளவு அது. எப்படிப் போகும்? எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

அதற்குள் செயலாளரம்மா, அதைத் திரும்ப மாட்டிவிடுங்கள், நடுவில் ஓட்டை தெரிந்தால் கேட்பார்கள் என்று சொன்னார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சாக்ஸை என் கையில் கொடுத்தாள். ‘பரவால்லக்கா, உங்களுக்கு இவன் இன்னும் பொறக்கவே இல்ல’ என்றாள். மழை விடுவதற்குள் போய்விட்டாள். நான் முக்காலியில் ஏறி, அதே ஊசியால், அதே இடத்தில் மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை விழா. தலைவர் ஒரு மணி நேரம் பேசினார். அவர் கெட்டவர் இல்லை, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை மேசை மேல் தேடுகிற மனிதர். சொன்னதில் பொய்யும் இல்லை. மூன்று ஊர்களில் கிளை திறந்திருக்கிறோம். போன் அழைப்புகள் இரண்டு மடங்காகிவிட்டன. முன்பு நம்மைப் பார்த்துச் சிரித்த கல்லூரிப் பிள்ளைகள் இப்போது தாமாகவே வந்து உட்கார்ந்து வாதாடுகிறார்கள். சட்டமும் ஒருநாள் நம் பக்கம் வரும் என்றார். கேட்கக் கேட்க நம்பிக்கையாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் தையல் ஆலை விஷயத்தை ஒரே வரியில் தாண்டிப் போனார். நானும் பெரிய நர்ஸும் அந்த மேலாளர் அறைக்கு வெளியே மனுவோடு பெஞ்சில் இரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறோம். பெரிய நர்ஸ் என்றால் பிரசவ வார்டில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் சங்கத்தில் பொய் பேசத் தெரியாத ஒரே ஆள். வயிறு தெரிந்ததும் பெண்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஆலை அது. இன்றைக்குப் பிரசவம் முடிந்து பதினோரு பேர் அதே மெஷினுக்குத் திரும்பியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியும் எங்களுக்குப் போன் செய்ததில்லை, செய்ய வேண்டிய நிலைமையே வரவில்லை. வளர்ச்சி என்றால் அது வளர்ச்சி. ஆனால் அதற்குக் கம்பியில் மாட்ட எதுவும் இல்லை பார்.

முடிவில் தலைவர் கையைத் தூக்கிக் கம்பியைக் காட்டி, அடுத்த வருடம் இது கூடத்தை இரண்டு சுற்று சுற்ற வேண்டும் என்றார். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். அடுத்துப் போனில் பேசும் குரல் என்று என்னைக் கூப்பிட்டார்கள். மனதுக்குள் மூன்று நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், அக்கா. நூற்றுப் பதினேழைக் கழற்றிக் காட்டி, இவன் இப்போது எங்கே என்று கேட்கப் போகிறேன் என்று. மேடையில் ஏறினேன், எழுதிக் கொடுத்த தாளை வார்த்தை மாறாமல் படித்தேன். ‘நாங்கள் இருக்கிறோம்’ என்ற இடத்தில் கொஞ்சம் குரல் நடுங்கியது. அதற்கும் கைதட்டினார்கள். அவர்கள் மேல் வந்த அருவருப்பெல்லாம் சேர்ந்து என் மேலேயே கவிழ்ந்துவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம்.

இந்த இடத்தில் நேற்று நிறுத்திவிட்டேன். இன்றைக்குக் காலையில் மீதியை எழுதுகிறேன்.

விழா முடிந்து கை கழுவுகிற இடத்தில் பெரிய நர்ஸ் என்னைப் பிடித்துக்கொண்டார். ‘நீ படிச்சதைக் கேட்டு எனக்கு வாயெல்லாம் கசக்குது, உனக்கு எப்படி இருக்கு?’ என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் என்றேன். சரி, அழுதது போதும், திங்கட்கிழமை காலையில் வா, ஒன்றாம் நம்பரிலிருந்து கூப்பிடுவோம் என்றார். பெற்றுக்கொள்கிறேன் என்று சொன்ன பெண்களை நாங்கள் ஒரு தடவைகூடத் திரும்பக் கூப்பிட்டு நலம் விசாரித்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு வருடம். பிறந்தவுடன் தண்ணீர் தெளித்து விட்டிருக்கிறோம்.

திங்கட்கிழமை இருபது பேரைக் கூப்பிட்டோம். எட்டு எண்கள் வேலை செய்யவில்லை. ஒருத்தி, எதற்கு, மறுபடியும் போட்டோவா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். ஒருத்தி பேசாமல் அழுதுகொண்டே இருந்தாள், பெரிய நர்ஸ் போனைப் பிடித்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஆனால் ஒன்பதாம் நம்பர் வீட்டில் குழந்தையின் அப்பா எடுத்தார். யார் என்று சொன்னதும், இருங்க இருங்க என்று பெண்ணை எழுப்பி, பள்ளியில் சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்க வைத்தார். ஐந்து வயது, நடுவில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து. இரண்டு பேரும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு கேட்டோம். தலைவரின் ஒரு மணி நேரப் பேச்சு எனக்குக் கொடுக்காத தெம்பை அந்தக் குழந்தை கொடுத்தது. இதற்குத்தான் வந்தேன், இன்னமும் இங்கேதான் இருப்பேன்.

செயலாளரம்மாவிடமும் சொல்லிவிட்டோம். வாரத்தில் இரண்டு நாள், பிறந்த பிள்ளைகளுக்கான நாள், போன் எங்கள் கையில். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே இஸ்திரிக் கடைப் பெண்ணின் அறைக்குப் போனேன். பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பதற்கான விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருந்தாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பையன் அந்தத் தாளின் ஓரத்தைச் சப்பிக்கொண்டிருந்தான். கொஞ்சம் பொறு என்றேன். ‘மறுபடியும் நாங்க இருக்கோம்னு ஆரம்பிக்காதீங்கக்கா. யாரு இருக்காங்க, அதைச் சொல்லுங்க’ என்றாள்.

என் அக்கா இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு. என் வீட்டில் இரண்டு பேர் திரும்பிப் படுக்க இடமில்லை என்பது உனக்குத் தெரியும். பெரிய நர்ஸ் மகன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறார். உன் மாடியறை கம்பளி நூல் பெட்டிகளோடு பூட்டிக் கிடக்கிறது. உன் தெருமுனைச் சலவைக் கடையில் கை தேர்ந்த ஆள் தேடுகிறார்கள் என்று நீயே போனில் சொன்னாய். அவள் ஒரு சட்டையை மூன்று நிமிடத்தில் மடிப்புக் கலையாமல் தேய்த்துவிடுவாள். பகலில் பையன் உன்னோடு இருப்பான். உங்கள் அக்கா எப்படிப்பட்டவர் என்று கேட்டாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம் என்றேன். விண்ணப்பத்தை மடித்துப் பெட்டியில் வைத்தாள், கிழிக்கவில்லை. முப்பதாம் தேதி வரை பார்ப்பாள்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். அத்தானுக்கு வேலை இல்லாமல் போன அந்த வருடம் நீ மூன்று மாதம். பெற்றுக்கொள்ள வேண்டும் என்று நீ சொன்னாய். ‘இப்ப வேண்டாம்க்கா, அப்புறம் பாத்துக்கலாம்’ என்று சொன்னது நான்தான். உன் பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட வந்ததும் நான்தான். அப்புறம் என்பது உனக்கு வரவேயில்லை. நான் ஏன் இந்தச் சங்கத்துக்கு வந்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நீ ஏன் பின்னிக்கொண்டே இருக்கிறாய் என்று நானும் கேட்டதில்லை. இந்தப் பிள்ளை அதற்கு ஈடு என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அன்றைக்கு உன் பக்கத்தில் நிற்க ஒரு ஆள் இருந்திருந்தால் போதும் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

முப்பதாம் தேதி பகல் வண்டியில் அவர்களை ஏற்றிவிடுகிறேன், நாலரைக்கு உன் ஊர் வரும். முடியாது என்றால் அதற்குள் ஒரு வரி எழுதிவிடு, உன் மேல் எனக்கு வருத்தம் வராது. முடியும் என்றால் எழுத வேண்டாம், ஸ்டேஷனுக்கு வந்துவிடு. அவள் கையில் இரண்டு பை இருக்கும், அதனால் முதலில் பிள்ளையை வாங்கிக்கொள். புது முகம் பார்த்தால் வீறிட்டு அழுவான், உதைப்பான், முடியைப் பிடித்து இழுப்பான். எவ்வளவு அழுதாலும் கீழே மட்டும் இறக்கிவிடாதே, அக்கா.

உன் தங்கை