கேடயத்துக்கு எத்தனை கொக்கி

டிசம்பர் 3
இருபத்திரண்டு வருஷமாக வரவேற்பறைச் சுவரில் மாட்டி, வந்தவர் போனவரிடமெல்லாம் நான் பெருமையடித்த சிங்கம் எங்கள் சிங்கமே இல்லையாம். சந்தையில் ஒருவன் என் குடும்பப் பெயரைக் கேட்டு அச்சடித்துக் கொடுத்தது. ஆவணக் காப்பகத்துப் பெண் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது அதே பேர்ல பாசெல் ஊர்ப் பட்டு வியாபாரிங்களோட சின்னங்க. உங்க குடும்பத்துக்குன்னு பதிவில ஒண்ணுமே இல்லையே" என்றாள். சிங்கத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேருந்தில் திரும்பினேன்.

எங்கள் ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கத்துக்கு ஜூனில் நூறாவது ஆண்டு. உறுப்பினர் குடும்பம் ஒவ்வொன்றும் தன் சின்னம் வரைந்த கேடயத்தை மன்றத்தில் மாட்ட வேண்டும், அர்த்தமும் எழுதித் தர வேண்டும். என்னிடம் இருப்பதோ இரவல் சிங்கம்.

மகன் ஆண்ட்ரி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "விடுப்பா. நாமளே ஒண்ணு செஞ்சுக்குவோம். யாரு தடுக்கப் போறா?"

டிசம்பர் 8
மகன் வரைந்துவிட்டான். நீலத்தில் வெள்ளையாக ஒரு முக்கோணம்.
"கூரையா?"
"நீ கணவாய்ப் பாதையில ஓட்டற வண்டியோட அலகுப்பா. பனி தள்றது."
அதன்மேல் ஓர் ஆடு, வாயில் தொப்பி. பள்ளிக்கூடத்தின் முதல் நாளே அவன் தொப்பியைத் தின்ற அதே ஆடு. அர்த்தத்தை என்னை எழுதச் சொன்னான். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு என்ன வரும்? 'வழி திறப்பவர்கள்' என்று எழுதினேன். "அடேயப்பா, பிரபுவே" என்று குனிந்து வணங்கினான்.

ஜனவரி 19
ஆண்ட்ரி இன்னும் வீடு வரவில்லை.

ஜனவரி 20
கணவாயில் அவன் கார் நிற்கிறது. சறுக்குக் கட்டைகளோடு மேலே ஏறியிருக்கிறான். நேற்றுக் காலை எட்டரைக்குப் பனிச்சரிவு இறங்கியதாம். நாய்கள், நீளக் கம்பிகள், ஹெலிகாப்டர். நானும் குத்திப் பார்த்தேன். பனிக்குள் கம்பி எவ்வளவு சுலபமாக இறங்குகிறது.

பிப்ரவரி 2
தேடுவதை நிறுத்திவிட்டார்கள். பனி உருகட்டும் என்கிறார்கள்.
உலர்ந்த இறைச்சியில் ஆண்ட்ரி பங்கை நறுக்கித் தின்றுவிட்டேன், கவனிக்காமல். மெங்கா கத்தியைப் பிடுங்கினாள். "தின்னுட்டு நிக்கிறியே. வந்து கேட்டான்னா என்ன பதில் சொல்லுவ?" கல்யாணமாகி முப்பது வருஷத்தில் என்னை இப்படி முறைத்ததில்லை. மிச்சத்தைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

பிப்ரவரி 17
பனி பெய்தது. தள்ளினேன். அலகைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மார்ச் 11
கேடயம் வரையும் ஃப்ளூரின் வந்தான். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றான். எங்கள் மன்றத்தில் ஒரு குடும்பத்தின் கடைசி ஆள் போனால் அவர்கள் கேடயத்தைத் தலைகீழாக மாட்டுவார்கள். அதனால் வாரிசு இல்லாத வீட்டுக் கேடயத்துக்கு ஃப்ளூரின் முதலிலேயே கீழேயும் ஒரு கொக்கி வைத்துவிடுவான்.
"தப்பா நினைக்காதப்பா பால்த்சர். அப்புறம் ஏணி மேல நின்னு துளை போடறது கஷ்டம்... ஒண்ணா, ரெண்டா?"
"ஒண்ணு" என்றாள் மெங்கா, சமையலறையிலிருந்து.
"ஒண்ணுதான்" என்றேன் நானும். இரவல் சிங்கத்தை இருபத்திரண்டு வருஷம் நம்பியவன்தானே. இதை நம்ப முடியாதா?

மே 6
கணவாயில் இன்னும் ஓர் ஆள் உயரம் பனி. தினமும் போய்ப் பார்க்கிறேன். அளவுகோல் நானேதான், வயதாக ஆக நானும் குறைகிறேன், பனி மட்டும் குறையமாட்டேன் என்கிறது.

ஜூன் 4
ஓடையோரம் கிடைத்துவிட்டான்.

ஜூன் 9
நேற்று அடக்கம் முடிந்தது. இன்று ஃப்ளூரின் பட்டறைக்குப் போனேன்.
"ரெண்டு" என்றேன்.
அவன் துளைக்கருவியை எடுத்தான். துளை போடும்வரை பலகையை நான் பிடித்துக்கொண்டேன். தலைகீழாக வைத்தபோது ஆட்டின் வாயிலிருந்து தொப்பி விழுந்துவிடும் போலிருந்தது.

ஜூன் 21
நூறாவது ஆண்டு விழா. கேடயம் நேராகத்தான் தொங்குகிறது. நான் இருக்கும்வரை அப்படித்தான். தலைவர் எங்கள் முறை வந்ததும், "வழி திறப்பவர்கள்" என்று வாசித்தார். மன்றமே எழுந்து நின்றது. ஃப்ளூரின் தோளைத் தட்டி, "உனக்கு இதைவிடப் பொருத்தமா என்னப்பா இருக்கு" என்றான். மெங்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள், பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவையாக.

நன்றி என்றேன். சிங்கம் கதையையும் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஜனவரி 19, விடியுமுன், "கணவாய்ப் பாதை எப்பப்பா திறக்கும்?" என்று ஆண்ட்ரி கேட்டான். பனிச்சரிவு அபாயம் என்று ஒன்பது மணிக்குத்தான் திறக்கச் சொல்லியிருந்தார்கள். அவனுக்காக ஏழுக்கே திறந்துவிட்டேன்.