இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்

நவம்பர் 6

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலம் என்று நானாகவே எடுத்துக்கொள்கிறேன், கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாததால். போனில் கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஒருவர் காய் நறுக்குகிறீர்கள், இன்னொருவர் துணி மடிக்கிறீர்கள். யாரிடம் பேசுகிறேன் என்று எனக்கே தெரிவதில்லை. ஆகவே இனி உனக்குத் தனியாகக் கடிதம். பதில் வராவிட்டால் நினைவூட்டல் வரும். அதற்கும் வராவிட்டால் விளக்கம் கேட்டு வரும். மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருஷமாகப் பணியாளர் பிரிவில் இருப்பவளிடம் வேறென்ன எதிர்பார்க்கிறாய்?

ஒரே கம்பெனியில், ஒரே நாளில் இருவருக்கும் பைலட் வேலை! இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. அவனாவது ஒன்பது வருஷம் சரக்கு விமானம் ஓட்டியவன். நீ பயிற்சிப் பள்ளியில் மற்றவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தபடியே பதினேழு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டாய். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பதினேழாவது பலித்தது.

எங்கள் பிரிவில் எல்லாருக்கும் ஒரு சந்தேகம். அந்த ஊர் நம் ஊரைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அங்கே எதற்கு இத்தனை விமானம், இத்தனை பைலட்? விவரமாக எழுது. பதில் சொல்ல முடியாமல் முழிக்கிறேன்.

அன்புடன்,
அத்தை


நவம்பர் 15

அன்புள்ள அத்தைக்கு,

நினைவூட்டல் வருவதற்குள் எழுதிவிட்டேன், பார்த்தீர்களா!

உங்கள் சந்தேகம் சரிதான். இந்த ஊர்க்காரர்களை மட்டும் ஏற்றினால் ஒரு நாளைக்குப் பத்து விமானம் போதும். போவதோ நூறு. மற்ற தொண்ணூறும் இங்கே இறங்கி வேறு விமானம் மாறுகிறவர்களுக்காக. காலை ஆறு மணியிலிருந்து எட்டுக்குள் நாற்பது ஊர்களிலிருந்து நாற்பது விமானம் வந்து இறங்கும். ஒன்றரை மணி நேரம் கழித்து நாற்பதும் கிளம்பிவிடும். அதற்குள் எல்லாரும் பெட்டியை இழுத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுவார்கள். உங்கள் ஆபீசில் சொல்லவேண்டுமானால் துணை மின்நிலையம் மாதிரி. எல்லாக் கம்பியும் அங்கே வந்துதான் பிரிகிறது. ஊர் சின்னதாக இருந்தால் என்ன?

பயிற்சி கடுமையாகத்தான் இருக்கிறது. நான் படிக்கும்போது உங்கள் பிள்ளை கேள்வி கேட்கிறார், அவர் படிக்கும்போது நான் கேட்கிறேன். பாதி நாள் அது சண்டையில்தான் முடிகிறது.

எங்களுக்கு வரிசை எண் கொடுத்துவிட்டார்கள். இந்தத் தொழிலில் எல்லாம் அந்த எண்தான். எந்த விமானம், எந்த நாள் லீவு, எப்போது கேப்டன், ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே, எல்லாவற்றுக்கும் அதைத்தான் பார்ப்பார்கள். எனக்கு 212, அவருக்கு 213. ஒரே நாளில் சேர்ந்த முப்பது பேருக்கும் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எனக்கு முன்னால் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள்,
மருமகள்


நவம்பர் 27

அன்புள்ள மருமகளுக்கு,

துணை மின்நிலையம் என்று சொன்னதும் பிரிவே தலையாட்டியது. ரொம்ப நன்றி. இரண்டு நாளாக நான் விமானப் போக்குவரத்து நிபுணர்.

ஆனால் குலுக்கலா? பணிமூப்புப் பட்டியலைக் குலுக்கிப் போட்டால் எங்கள் சங்கத்துக்காரர்கள் என் மேஜையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார்கள். தனியார் கம்பெனி, என்னவோ செய்துகொள்ளட்டும். உன் புருஷன் உனக்கு ஒரு எண் கீழே இருப்பது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. வீட்டிலும் அப்படித்தானே நடக்கிறது?

நேற்று முன்தினம் உனக்கு முப்பத்து மூன்று முடிந்தது. அவனைவிட இரண்டு வயது சின்னவளாக இருந்துகொண்டு அவனை எப்படித்தான் மேய்க்கிறாயோ. வாழ்த்து அட்டை தனியாக வருகிறது. நன்றாகச் சாப்பிடு.

அத்தை


ஜூலை 28

அன்புள்ள அத்தைக்கு,

இதை உங்கள் பிள்ளை போனில் சொல்லியிருப்பார். அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

கம்பெனி, விமானம் மாறும் இடத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோகிறது. அங்கே ஓடுபாதை புதியது, கட்டணமும் குறைவு. பைலட்களையும் அங்கேயே புதிதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஆள் போதவில்லை என்று நடுவழியில் மறித்து வேலை கொடுத்தார்கள். இப்போது இந்த ஊருக்குப் பதினைந்து விமானம் போதும் என்கிறார்கள். நேற்றுப் பயணிகள் கூடத்தைக் கடந்து வந்தேன். கடைகளில் பாதியை இழுத்து மூடியிருந்தார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு யாரும் ஓடவில்லை.

பைலட்களில் 212 வரை வைத்துக்கொள்கிறார்கள். 213லிருந்து வீட்டுக்கு. ஆகஸ்ட் 31 கடைசி நாள்.

கோடு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்திருக்கிறது, அத்தை. பட்டியலை ஒட்டியிருந்த பலகைக்கு முன்னால் இருவரும் சேர்ந்துதான் நின்றோம். அவர் என் தோளைத் தட்டி, "பரவால்ல, ஒருத்தராவது உள்ள இருக்கோமே"ன்னு சொன்னார். அவருடைய எட்டு நாள் லீவு பாக்கி இருக்கிறது. கடைசி வாரத்தில் உங்களிடம் வரப்போவதாகச் சொல்கிறார்.

உங்கள்,
மருமகள்


ஆகஸ்ட் 4

அன்புள்ள மருமகளுக்கு,

மூன்று நாளாக எழுதுவதும் கசக்குவதுமாக இருக்கிறேன். இப்போது ஒரே மூச்சில் எழுதி அனுப்பிவிடுகிறேன்.

உங்கள் கம்பெனியின் அறிவிப்பை அவன் எனக்கு அனுப்பினான். இதைப் படிப்பதுதானே என் தொழில், வரிக்கு வரி படித்தேன். மேலே இருப்பவர் யாராவது 31க்குள் தாமாக விலகினால் அடுத்த எண்காரரை உள்ளே எடுத்துக்கொள்வார்களாம். அடுத்த எண் அவன்.

நீ விலகினால் என்ன?

கோபப்படாமல் கேள். உன்கூட ஒரே ஊரில் இருக்கவேண்டும் என்றுதான் ஒன்பது வருஷத்துச் சரக்கு வேலையை அவன் உதறினான். அங்கே இன்னும் இரண்டு வருஷத்தில் கேப்டன் ஆகியிருப்பான். உனக்குக் கிடைத்த எண் குலுக்கலில் வந்தது. சீட்டு மாறி விழுந்திருந்தால் அவன் 212, நீ 213. அதிர்ஷ்டத்தில் வந்ததை விட்டுக்கொடுப்பது பெரிய தியாகமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் அவன் உடைந்துபோவான். அவன் அப்பா அப்படித்தான் உடைந்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். நீ கெட்டிக்காரி, எப்படியும் எழுந்து நின்றுவிடுவாய்.

நான் அவனைப் பெற்றவள். உன்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்?

அத்தை


ஆகஸ்ட் 12

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். கோபமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

குலுக்கல் எதுவும் நடக்கவில்லை.

ஒரே நாளில் சேர்ந்தவர்களை வயதுப்படிதான் வரிசைப்படுத்தினார்கள். உங்கள் ஆபீசிலும் அதே விதிதான் என்று நினைக்கிறேன். உங்கள் பிள்ளையைவிட நான் ஒன்பது மாதம் மூத்தவள். போன நவம்பரில் எனக்கு முடிந்தது முப்பத்தாறு. நீங்கள் அனுப்பிய நான்கு வாழ்த்து அட்டையும் என்னிடம் இருக்கின்றன. நான்கிலும் வயது தப்பு.

கல்யாணப் பேச்சு எடுத்தபோது, "பொண்ணு பெரியவன்னா அம்மா ஒத்துக்கவே மாட்டாங்க. ரெண்டு வயசு கம்மின்னு சொல்லிடலாம்"னு அவர் சொன்னார். நானும் சரி என்றேன். அவர் மேல் மட்டும் பழி போட எனக்கு இஷ்டமில்லை. அப்புறம் சொல்லிவிடலாம், அப்புறம் சொல்லிவிடலாம் என்று நான்கு வருஷம் போய்விட்டது. உங்களைப் பிடித்துப்போன பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. பட்டியல் வந்ததும் பயந்துபோய்க் குலுக்கல் என்று எழுதிவிட்டேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவர் நாலாயிரம் மணி நேரம் பறந்தவர். நான் ஆயிரத்து முந்நூறு, அதிலும் பெரும்பாலும் பயிற்சிப் பள்ளியின் சின்ன விமானத்தில். இந்த நிலவரத்தில் அவரை எடுக்க யாராவது வருவார்கள். இங்கிருந்து இறங்கினால் என்னைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. பதினேழு கம்பெனியை நீங்களே எண்ணியிருக்கிறீர்கள். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, அத்தை. காலையில் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பும்போது இருக்கிற சந்தோஷம் வேறெதிலும் எனக்கு வந்ததில்லை.

இதையெல்லாம் வாதாடுவதற்காக எழுதவில்லை. பொய் சொல்லி உங்கள் வீட்டுக்குள் வந்தவள் நான். நீங்கள் இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்டிருக்கிறீர்கள். 31ஆம் தேதி கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள்,
மருமகள்


ஆகஸ்ட் 30, பகல் இரண்டு மணி

அன்புள்ள மருமகளுக்கு,

உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயப்படாதே, அவனிடம் சாவி வாங்கிக்கொண்டு வந்தேன். நீ பறந்துகொண்டிருக்கிறாய், ஐந்து மணிக்கு வருவாயாம். நேரில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன். எழுதினால் முடித்துவிடலாம்.

முதலில் கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறேன். எனக்குக் கோபம்தான். உன் கடிதம் வந்த அன்று இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன், கேட்க ஆளில்லாததால் சுவரைப் பார்த்து. மூத்தவள் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், பிறகு சரியாகியிருப்பேன். அந்த ஒரு மாதத்தை எனக்குக் கொடுக்காமல் நான்கு வருஷம் ஏமாற்றியிருக்கிறீர்கள். என் கையால் எத்தனை பணிமூப்புப் பட்டியல் போயிருக்கும்! ஒரே நாளில் சேர்ந்தால் வயதில் மூத்தவர் மேலே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். குலுக்கல் என்று நீ எழுதியதும் எனக்கு உறைத்திருக்கவேண்டும். உறைக்கவேண்டாம் என்று நானே இருந்துவிட்டேனோ என்னவோ. சரி, கோபம் முடிந்தது. முழுக்க முடியவில்லை, மிச்சத்தை நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

அவன் வந்த மறுநாள் கழற்றிப்போட்ட ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் கேட்டேன்.

"வேலைய விடச் சொல்லி அவளுக்கு எழுதினேன், தெரியுமா?"

"தெரியும்மா."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்றது? அவ இஷ்டம்."

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னியா, இல்லையா?"

துடைத்த இறக்கையையே மறுபடி துடைத்தான். பிறகு, "சொல்லணும்னுதான் நெனச்சேன். வாய் வரலம்மா. பயமா இருந்துச்சு"ன்னான்.

எனக்கு அப்போது அவன் மேல் கோபம் வரவில்லை. என் மேல்தான் வந்தது. விட்டுக்கொடு என்று நான் உனக்கு எழுதினேன். நீ விட்டுக்கொடுப்பாய் என்று அவன் சும்மா இருந்தான். நாங்கள் இரண்டு பேரும் பேசிவைத்துக்கொள்ளாமலே சேர்ந்து ஒரு வேலை செய்திருக்கிறோம். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அவனைப் பழைய சரக்குக் கம்பெனிக்குப் போன் போட வைத்தேன். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். எடுத்துக்கொள்கிறார்களாம், ஆனால் கடைசி எண்ணில். ஒன்பது வருஷம் போச்சு. போனை வைத்துவிட்டு அழுதான், நானும் அழுதேன். அது வேறு ஊர். இரண்டு பேருக்கும் லீவு ஒன்றாக விழுந்தால்தான் பார்த்துக்கொள்ள முடியும். அது சின்ன விஷயம் என்று சொல்லி உன்னை நான் ஏமாற்றமாட்டேன். அவனும் நாளைக்கு இங்கே வருகிறான். உன்னிடம் சொல்லவேண்டியதை அவனே சொல்வான், சொல்லவில்லையென்றால் நான் பக்கத்து அறையில்தான் இருப்பேன்.

போன வாரம் எங்கள் பிரிவில் ஒருத்தி கேட்டாள், "ஒரே நாள்ல சேர்ந்தாங்களே, உங்க பையன அனுப்பிட்டு மருமகள மட்டும் எப்படி வச்சாங்க?" என்று. "அவ மூத்தவ"ன்னேன். எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். வேலையில் மூத்தவள் என்று நினைத்துக்கொண்டார்கள் போல. "வயசுல மூத்தவ, ஒம்பது மாசம்" என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

இந்த மேஜையில் நீ தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டு, நாளைத் தேதியும் இட்டு வைத்திருந்த விலகல் கடிதத்தைப் பார்த்தேன். படித்ததற்கு மன்னித்துக்கொள், காகிதம் கண்ணில் பட்டால் படிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. கிழிக்கத்தான் கை போனது. ஆனால் இத்தனை வருஷத்தில் எந்தக் காகிதத்தையும் நான் கிழித்ததில்லை. அதனால் அதன் ஓரத்தில் பச்சை மையில் 'ஏற்கப்படவில்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டிருக்கிறேன். உன் கம்பெனியில் அது செல்லாது. உனக்கே விலகவேண்டும் என்றிருந்தால் வேறு தாளில் எழுதிக்கொள், நான் தடுக்கமாட்டேன். எனக்காக எழுதாதே.

களைப்பாக இருக்கிறது, உள் அறையில் படுத்திருக்கிறேன். சீருடையில் உன்னை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. அதை மாற்றுவதற்கு முன்னால் என்னை எழுப்பு.

அத்தை