வலது கையில் துப்பாக்கி

14.7.2013, ஞாயிறு

பள்ளி நாட்களில் நான் படித்து, பாதியில் நின்றுபோன காமிக்ஸ் மறுபடி வருகிறது. கதாநாயகன் பள்ளத்தில் விழுந்ததோடு நின்ற கதை. இன்று படப்பை கடையில் புது இதழ் கிடைத்தது. அறைக்கு வந்து ஒரே மூச்சில் முடித்தேன்.

மாலையில் பாஸ்கர் வந்தான். கார் கம்பெனி அசெம்பிளி லைனில் என் பக்கத்தில் நிற்பவன், மணிமங்கலத்துக்காரன். புத்தகத்தைப் புரட்டியவன் சிரித்துவிட்டான். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் வட்டம். ஒரு படத்தில் வலது கையில் துப்பாக்கி, அடுத்ததில் இடது கையில். இன்னொன்றில் சட்டைப் பொத்தானைக் காணோம். தினமும் கார் கதவில் கீறல் தேடி வட்டம் போடும் கை, என்னைக் கேட்காமலே போட்டிருக்கிறது.

“இன்னாபா, லீவு நாள்லயும் இன்ஸ்பெக்‌ஷனா? அத்த வுடு. ஹீரோ எப்டி பொழைச்சான்?”

யோசித்துப் பார்த்தேன். பொத்தான்தான் ஞாபகம் வந்தது.