டின்னுக்குள் தேங்கிய தண்ணீர்

கடலூர், 9-7-1964, வியாழக்கிழமை.

மூன்று முறை சோப்புப் போட்டும் கையை விட்டு அந்த நாற்றம் போகவில்லை.

சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் ஜுலைகா வைத்துவிட்டுப் போன ரோஜாச் செடி பத்து நாளாக வாடிக் கிடந்தது. தண்ணீர் ஊற்றுவதில்லை என்று என் மனைவி பாத்திமாவை இன்று காலையிலும் திட்டினேன். அவள் உடனே ஒரு குடம் ஊற்றினாள்.

சாயங்காலம் செடி வைத்திருந்த பழைய மண்ணெண்ணெய் டின்னைச் சாய்த்து வேரைப் பார்த்தேன். கறுப்புச் சேறு கொழகொழவென்று வழிந்தது. தொட்டதும் வேர் கையோடு உரிந்து வந்தது. டின்னின் அடியில் ஒரு ஓட்டைகூட இல்லை.

“தண்ணி ஜாஸ்தியாயித்தான் அழுகியிருக்கு,” என்றாள் பாத்திமா. “அஞ்சு வேளத் தொழுகைக்கும் அது மேலதானே ஒளு செய்றீங்க?”

உண்மைதான். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் தண்ணீர் வீணாகக் கூடாது என்று நான் கண்டுபிடித்த வழி அது.

“தெரிஞ்சும் நீ ஏன் ஊத்துன?”

“ஊத்தலன்னா திட்டுறீங்களே.”

சனிக்கிழமை ஜுலைகா பிரசவத்துக்கு வருகிறாள். வந்ததும் செடியைத்தான் தேடுவாள்.

இரவு இஷாத் தொழுகைக்கு ஒளு செய்யச் சொம்போடு போய் உட்கார்ந்தேன். கையை நீட்டிய பிறகுதான் எதிரே, அழுகிய செடியை எடுத்தெறிந்த டின் காலியாக இருப்பது தெரிந்தது.